மாலை ஐந்து மணி இருட்டு

கனடாவுக்குப் படிக்கப் போகும் நம் பங்குப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் ஊறுகாயும் கட்டிக் கொடுக்கிறோம். குளிரைச் சமாளித்துவிடுவார்கள், மூன்று அடுக்காக உடுத்துவது சில நாட்களில் பழகிவிடும். இருட்டுதான் கடினம். டொராண்டோவில் டிசம்பர் மாதம் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த நேரம் பிள்ளை தனியறைக்குத் திரும்பும்போது இங்கே அதிகாலை 3.30, நாம் உறக்கத்தில் இருப்போம். இரவு 8 மணிக்குச் செபமாலை முடித்து நாம் அழைத்தால் அங்கே காலை 9.30, வகுப்புக்கு ஓடும் அவசரம். “நல்லா இருக்கேம்மா” என்று வைத்துவிடும். நாமும் நம்பிவிடுகிறோம். கடன் வாங்கி அனுப்பிய பெற்றோரிடம் அழுவதற்கு எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்?

ஞாயிறு இரவு சற்று விழித்திருந்து அழைப்போம். மதிப்பெண்ணைப் பிறகு கேட்கலாம். பகல் வெளிச்சத்தில் நடந்தாயா, யாரோடு சாப்பிட்டாய் என்று முதலில் கேட்போம். திருப்பலி முடிந்ததும் ஓடிவிடாமல், அங்கே ஒருவரிடமாவது பேசிவிட்டு வரச் சொல்வோம்.