மீன் குட்டையில் மணிச்சத்து மிகுவதும் அதனைக் கட்டுப்படுத்தும் வகையும்

ஜேடர்பாளையத்துப் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜ வாய்க்கால், அல்லாள இளைய நாயகரால் வெட்டுவிக்கப்பட்டதென்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. அதன் பாசனத்தில் வாழையும் வெற்றிலையும் கரும்பும் தென்னையும் செழிப்பது யாவரும் அறிந்ததே. ஜேடர்பாளையத்துப் பொரித்த மீனை உண்பதற்கென்றே வெளியூரார் வந்து போவதால் மீனுக்கும் அங்கே கிராக்கி உண்டு. ஆகையால் கிணற்றடியிலோ வாய்க்காலோரத்திலோ குட்டை வெட்டி, கட்லா, ரோகு, மிர்கால் முதலிய கெண்டை இனங்களை வளர்க்க எண்ணும் நிலக்காரர்கள் ஒரு விஷயத்தை முன்னதாகவே அறிந்திருத்தல் அவசியம்.

புதுக் குட்டையில் முதல் இரண்டொரு வருஷங்கள் மீன் நன்றாய் வளரும். பின்னர் நீர் பச்சைச் சாயம் கரைத்தாற்போலாகி, மேலே ஆடை படர்ந்து, விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திணறத் தொடங்கும். மேகமூட்டமுள்ள ஓர் இரவுக்குப் பின் அவை மொத்தமாக மிதப்பதும் உண்டு. அப்போது குஞ்சு விற்றவரைக் குறை கூறுவது வழக்கம். பெரும்பாலும் குற்றம் குஞ்சினிடத்தில் இல்லை. குட்டையில் சேர்ந்துவிட்ட மணிச்சத்தினிடத்தில் இருக்கின்றது.

மணிச்சத்து இன்றியும் மீன் இல்லை. அதனை உண்டே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் நீரில் உண்டாகின்றன. அவை நுண்ணிய பூச்சிகளுக்கும் அவ்விரண்டும் மீனுக்கும் உணவாகின்றன. ஆனால் பாசி அளவு கடந்தால், பகலில் பிராணவாயுவை வெளியிடும் அதுவே இரவில் அதனை உட்கொண்டு, விடிவதற்குள் நீரில் கரைந்துள்ள பிராணவாயு முழுவதையும் தீர்த்துவிடும்.

தழைச்சத்தைக் குறைத்தாற் போதாதோ என்று சிலர் கேட்கலாம். போதாது. நீலப்பச்சைப் பாசிகளிற் சில, காற்றிலுள்ள தழைச்சத்தைத் தாமே கவர்ந்துகொள்ள வல்லவை. மணிச்சத்தைக் காற்றிலிருந்து பெற அவற்றிற்கு வழியில்லை. கானடா தேசத்து ஒண்டாரியோ மாகாணத்தில் 226 என்ற எண்ணிட்ட ஓர் ஏரியை 1973-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் நடுவே திரையிட்டு இரு பாதியாக்கினர். ஒரு பாதியில் கரியும் தழைச்சத்தும் இடப்பட்டன. மறு பாதியில் அவற்றோடு மணிச்சத்தும் சேர்த்து இடப்பட்டது. மணிச்சத்து இட்ட பாதி மட்டும் பச்சைப் பசேலென்றாயிற்று. ஏரி நீரில் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே பாசி பெருகத் தொடங்கலாமென்றால், ஒரு கைப்பிடி உரத்தின் வலிமையை ஊகித்துக்கொள்ளலாம்.

இனி வரவு செலவைப் பார்ப்போம். சூபர் பாஸ்பேட் மூட்டையில் 16 சதவிகிதம் என்று குறிப்பது ஆக்ஸைடு கணக்கு. தனிப் பாஸ்பரஸாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 7 சதவிகிதம். ஆகவே 50 கிலோ மூட்டை இரண்டினால் குட்டையில் 7 கிலோ பாஸ்பரஸ் சேருகின்றது. மீனின் எடையில் பாஸ்பரஸ் சுமார் அரை சதவிகிதமே. ஒரு டன் மீனைப் பிடித்து விற்றாலும் வெளியேறுவது 5 கிலோ அளவுதான். தீனிக்கென்று இடும் அரிசித் தவிட்டிலோ நூற்றுக்கு ஒன்றரைப் பாகம் வரையில் பாஸ்பரஸ் உண்டு. அதிற் பெரும்பகுதி மீனுக்குச் செரியாத வடிவில் இருப்பதால் எச்சத்தோடு நீரிலேயே கழிகின்றது. கோழிக்கும் அதே குறை உண்டு. ஆகையினாலேயே நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளின் எருவில் மணிச்சத்து மாட்டுச் சாணத்தைக் காட்டிலும் பல மடங்கு மிகுந்திருக்கின்றது. சாணத்திற்குச் சொன்ன அளவிலேயே கோழி எருவையும் கொட்டுவது இவ்வட்டாரத்தில் எளிதில் நேரக்கூடிய பிழை. எரு மலிவாய்க் கிடைக்கின்றதென்பது அதனைக் குட்டையில் இடுவதற்குக் காரணமாகாது.

மிஞ்சிய மணிச்சத்து ஆவியாய்ப் போவதில்லை; அடிச்சேற்றில் தங்குகின்றது. செம்மண் நிலத்தில் இட்ட சூபர் பாஸ்பேட்டை மண்ணிலுள்ள இரும்பு பிடித்துக்கொள்வதைக் குடியானவர் அறிவர். சேற்றிலும் அவ்வாறே நிகழ்கின்றது. ஆனால் சேறு தடித்து, பிராணவாயு அற்று, கறுத்து நாறத் தொடங்கியதும் இரும்பு தன் பிடியை நெகிழ்த்தி, சேர்த்து வைத்ததையெல்லாம் மறுபடி நீரில் விட்டுவிடும். உரமே இடாத வருஷத்திலும் பழங்குட்டை பச்சையாவதன் காரணம் இதுவே.

பாசியைக் கண்டவுடன் மயில்துத்தத்தை வாங்கிவந்து கரைப்பது பெருந்தவறு. பாசி மடியும், மடிந்தது அழுகும்போது எஞ்சிய பிராணவாயுவும் போய், பாசியிலிருந்த மணிச்சத்து நீருக்கே திரும்பும். மீன் அதற்குள் மிதக்கும்.

செய்யத்தக்கது வேறு. வாரம் ஒரு முறை, வெயில் நன்கு ஏறிய வேளையில் கையை முழங்கை வரையில் நீரில் செங்குத்தாய் அமிழ்த்திப் பார்க்க வேண்டும். உள்ளங்கை மங்கலாய்த் தெரிந்தால் உரம் அளவோடு இருக்கின்றது. மணிக்கட்டு ஆழத்திலேயே கை மறைந்தால் எருவையும் உரத்தையும் அன்றே நிறுத்திவிட்டு, தீனியையும் பாதியாக்குவது நலம். மீன் திணறும் விடியலில் தீனி இடவே கூடாது. கிணற்று நீரையோ வாய்க்கால் நீரையோ உயரத்திலிருந்து சிதறி விழும்படி பாய்ச்ச வேண்டும். அடிச்சேற்றைக் கலக்கலாகாது. குட்டையின் ஓரத்தில் மூங்கிற் சட்டத்துள் அசோலா வளர்த்து, அடிக்கடி வாரி மாட்டுக்கும் கோழிக்கும் இட்டால், அது உண்ட மணிச்சத்தும் குட்டையை விட்டு நீங்கும். வாராமல் விட்டால் பயனில்லை. இதன் பொருட்டு ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து விடுவோர், பின்னர் வாய்க்கால் அடைபட்டு அயலாருக்கும் பகையாவர்.

வீட்டில் கண்ணாடித் தொட்டியில் அழகு மீன் வளர்க்கும் பிள்ளைகளுக்கும் இதே விதி பொருந்தும். கண்ணாடியில் பாசி படிவதற்குப் பெரும்பாலும் மிதமிஞ்சிய தீனியே காரணம். இரண்டொரு நிமிஷங்களில் மீன் தின்று தீர்க்குமளவே இட்டு, வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை அடிக்கசடோடு குழாயால் இழுத்து அகற்றி, அதே வெப்பமுள்ள நல்ல நீரை விட்டுவர வேண்டும். இழுத்த கசட்டு நீர் பூச்செடிக்கு நல்ல உரம். வெயில் நேரே படும் ஜன்னலருகில் தொட்டியை வைத்தலாகாது. மணிச்சத்தை ஈர்க்கவென்று கடைகளில் விற்கும் செந்நிறக் குருணைகளிற் பல இரும்புத் துருவின் இனமே. செம்மண் செய்யும் வேலையைத்தான் அவை காசுக்குச் செய்கின்றன. தீனியைக் குறைக்காமல் அவற்றை வாங்குவது வீண் செலவு.

பெரிய அளவில் இக்கேடு மேட்டூரில் காணப்பட்டிருக்கின்றது. 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்நீர்த்தேக்கத்தின் மேற்பகுதியில், அண்மை ஆண்டுகளிற் சில பருவங்களில் பச்சைப் பாசி படர்ந்து துர்நாற்றம் வீசியது. நுண்ணுயிர்க் கரைசல் தெளிக்கவும் நேர்ந்தது. நீர் வற்றிய காலத்தில் தேக்கத்தின் படுகையிற் பயிரிட்டோர் இட்ட உரத்தின் மிச்சமும் ஒரு காரணமென்று சொல்லப்பட்டது. அந்நீரே பவானி, ஈரோடு கடந்து ஜேடர்பாளையத்திற்கு வருகின்றது. ஆகவே வாய்க்கால் நீரைக் குட்டைக்கு விடுவோர், அதன் நிறத்தைப் பார்த்து விடுவது நன்று.

குட்டையில் தேங்கிய மணிச்சத்தை அகற்ற உறுதியான வழி, மீன் பிடித்து முடிந்த கோடையில் நீரை வடித்து, சேறு வெடிக்கும்வரை காயவிட்டு, மேலுள்ள கருவண்டலை வெட்டி எடுப்பதே. வண்டலை வாழைக்கும் தென்னைக்கும் இட்டால் அவ்வருஷம் மணிச்சத்து உரத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். மண் பரிசோதனை செய்து அளவை நிர்ணயிப்பது சிலாக்கியம். தம் பட்டா நிலத்துக் குட்டை போதாமல் ஊர் ஏரியின் வண்டலையும் நாடுவோர், வருவாய்த் துறையாரின் முன் அனுமதியின்றி வண்டி கட்டலாகாது. ஏரி வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2017-ம் ஆண்டில் தமிழ்நாடு அரசு வகை செய்தது. கிராம அதிகாரிகள் மனுக்களைக் கோடை தொடங்குமுன்னரே பெற்று மேலனுப்பினால், மழைக்கு முன் வண்டல் வயலுக்கு வந்து சேரும்.