சேலத்து ஏரிகளைச் சுற்றி ஒரு நாள் சைக்கிள் பிரயாணம்

அமாவாசையன்று தறிக்கு ஓய்வு. அந்த ஓய்வைத் திண்ணையில் கழிக்காமல், சேலம் நகரத்து ஏரிகளைச் சைக்கிளில் சென்று பார்த்து வருவதென்று நானும் என் உறவினர் ஒருவரும் தீர்மானித்தோம். அவர் விவசாயி, எனக்குத் தம்பி முறை, சேலத்துக்குக் கீழே திருமணிமுத்தாற்றுப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்.

விடியுமுன் இளம்பிள்ளையிலிருந்து புறப்பட்டோம். கஞ்சமலை இருளில் கறுத்து நின்றது. அமாவாசையாதலால் அதன் அடிவாரத்துச் சித்தர் கோயிலில் அப்போதே ஜனக்கூட்டம் சேர்ந்திருந்தது. அங்குள்ள ஊற்றுநீரில் நீராடினால் சரும நோய் தீரும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. நீரை மருந்தாக மதித்தவர்கள் நம் முன்னோர்கள் என்று எண்ணிக்கொண்டே பெடலை மிதித்தோம்.

வெயில் ஏறுமுன் நகரத்தை அடைந்தோம். நாலாபுறமும் கட்டிடங்கள் நெருக்கி நிற்கும் பள்ளப்பட்டி ஏரியைப் பார்த்துவிட்டு, அஸ்தம்பட்டி வழியாகக் கன்னங்குறிச்சிக்குச் சென்றோம். சேர்வராயன் மலையில் பெய்யும் மழைநீர் இறங்கி வந்து தங்கும் மூக்கனேரி அங்கேதான் இருக்கிறது. அதன் பரப்பு சுமார் 58 ஏக்கர். குப்பையும் ஆக்கிரமிப்பும் கெடுத்திருந்த இந்த ஏரியை, 2010-இல் சேலம் மக்கள் குழுவினர் பொதுமக்களின் உதவியுடன் சீர்திருத்த முற்பட்டார்கள். தூர்வாரிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே 40-க்கும் மேற்பட்ட திட்டுகளாகக் குவித்து, அவற்றில் மரக்கன்றுகளை நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகளில் பறவைகள் கூடு கட்டுகின்றன. கரையில் அமர்ந்து கட்டுச்சோற்றை உண்டோம். பலர் கூடினால் எவ்வளவு பெரிய காரியமும் கைகூடும் என்பதைச் சங்கக் கூட்டங்களில் நாம் கேட்டிருக்கிறோம். அங்கே கண்ணால் கண்டோம்.

பிற்பகலில் சுகவனேசுவரர் கோயில் பக்கமாகத் திருமணிமுத்தாற்றுப் பாலத்துக்கு வந்தோம். அந்த ஆறும் சேர்வராயன் மலையில் பிறப்பதுதான். ஆனால் நகரத்துக்குள் அது சாக்கடையும் சாயமும் கலந்த கறுப்பு நீராக ஓடுகிறது. தம்பி வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணா, இந்த வாரம் உங்கள் பக்கத்தில் எந்த நிறத்துச் சேலைக்குக் கிராக்கி என்பதை எங்கள் வாய்க்காலைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன்."

சிரிப்புத்தான், ஆயினும் என் நெஞ்சில் தைத்தது. இந்த ஆறு நாமக்கல் மாவட்டத்தின் வயல்களினூடே சென்று காவிரியில் கலக்கிறது. நூலுக்குச் சாயமேற்றுவது பட்டறைக்காரர், நெசவாளர் அல்லர் என்று நான் பதில் கூறியிருக்கலாம். ஆனால் அந்த நூலை வாங்கி நெய்து பிழைப்பவன் நானல்லவா? என் தறியில் ஏறிய நிறத்தின் மிச்சம் அவர் வயலில் உப்பாகப் படிகிறது.

திருப்பூரின் அனுபவம் நமக்கு ஒரு பாடம். சாயக்கழிவு நொய்யலாற்றைக் கெடுத்ததனால், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எத்தனையோ தொழிலாளர் வேலையிழந்து தவித்தனர். அதன் பின்னரே, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் பொது நிலையங்கள் உறுதிப்பட்டன. அத்தகைய நிலையத்தை ஒரு சிறு பட்டறை தனியே அமைத்தல் இயலாது. பலர் செலவைப் பகிர்ந்துகொண்டால்தான் இயலும். அப்படிப் பகிர்ந்துகொள்வதற்குக் கூட்டுறவு என்பதைத் தவிர வேறு பெயர் உண்டோ?

பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பினோம். கால்கள் வலித்தன, அதைவிடத் தம்பியின் சொல் வலித்தது. நெசவாளரும் விவசாயியும் ஒரே சங்கப் பத்திரிகையைப் படிக்கிறோம்; ஒரே ஆற்றின் நீரைப் பகிர்கிறோம். ஆகவே, சாயநூல் வாங்கும்போது விலையையும் கெட்டித்தன்மையையும் கேட்பதோடு, "இதன் கழிவுநீர் எங்கே போகிறது?" என்றும் நம் அங்கத்தினர்கள் கேட்கவேண்டும். அடுத்த மகாசபைக் கூட்டத்தில் அந்தக் கேள்வியை முதலில் எழுப்ப நான் உறுதி செய்துகொண்டேன்.