உளி பிடித்தால் கெட்ட கனவு நிற்குமா?

கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரியில் திடீரென்று கத்திக்கொண்டு எழுந்து உட்காருவார். இப்போது கள்ளக்குறிச்சியில் மரச் சிற்பம் செய்பவரிடம் வேலை பழகப் போகிறேன் என்கிறார். ‘கலை மூளையையே மாற்றும்’ என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வருகிறது. நிஜமா?”

முதலில் வீடியோவைத் தள்ளிவைப்போம். இந்த வகைச் செய்திகளில் தவறாமல் தலைகாட்டுவது அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வு. 39 பேர் களிமண், காகிதம், வண்ணப் பேனா என்று 45 நிமிடம் விளையாடினார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. சரி, எதோடு ஒப்பிட்டு? எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்த குழு அந்த ஆய்வில் கிடையாது. கார்டிசாலோ காலையில் ஏறி, பொழுது போகப் போகத் தானாகவே இறங்குகிற சரக்கு. திண்ணையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று பார்க்காமல் கலைக்கு மாலை போடக்கூடாது.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. முதல் உலகப் போரில் ஊனமுற்று வந்த இந்தியச் சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுத்தர 1917-ல் பம்பாயில் குயின் மேரி பெயரில் ஒரு பள்ளி தொடங்கியது. பிறகு புனேயின் கிர்க்கிக்குப் போனது. அங்கே மனசைப் பற்றி யாரும் பேசவில்லை, பிழைப்புதான் நோக்கம். ‘ஆர்ட் தெரபி’ என்ற பெயரை 1942-ல் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர். முதல் உலகப் போரைக் களத்திலேயே வரைந்தவர், பின்னாளில் காசநோயில் படுத்தபோது படம் போட்டுத் தேறியவர். அதே கிர்க்கியில் முதுகுத்தண்டு அடிபட்ட படைவீரர்களுக்காக 1974-ல் தொடங்கிய மையத்தில் வாயால் தூரிகை பிடித்து வரைபவர்களும் உருவானார்கள். போதும்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. பயங்கர நினைவு பெரும்பாலும் காட்சியாகத்தான் மேலே வந்து விழும். உருவம், இடம், திசை இவற்றைச் சற்று நேரம் தாங்கிப் பிடிக்க மூளையில் தனி ஏற்பாடு உண்டு என்று உளவியலாளர்கள் பேட்லியும் ஹிட்சும் 1974-ல் சொன்னார்கள். அதை ஒரு தோசைக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கல், ஒன்று ஊற்றியிருக்கும்போதே இன்னொன்றை ஊற்றினால் இரண்டும் இழுபடும், எதுவும் முறுகாது. உளவியலாளர் எமிலி ஹோம்ஸ் 2009-ல் செய்தது இதுதான். கோரக் காட்சிகள் கொண்ட படத்தைக் காட்டினார், அரை மணி கழித்துப் பத்து நிமிடம், விழும் கட்டங்களைத் திருப்பி அடுக்கும் டெட்ரிஸ் வீடியோ கேமை விளையாட விட்டார். அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் திடீர் திடீரென்று கண்முன் வந்தது, விளையாடாதவர்களைவிட இவர்களுக்குக் குறைவு. மறு வருடம் டெட்ரிசுக்குப் பதில் வினாடி வினா கொடுத்துப் பார்த்தார்கள். குறையவில்லை, கூடவே செய்தது! வினாடி வினா சொற்களின் வேலை. அது பக்கத்து அடுப்பு. இந்தக் கல்லில் முதல் தோசை இடைஞ்சலில்லாமல் நன்றாக முறுகியது.

ஆனால் உங்கள் அப்பாவின் தோசை வெந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இங்கேதான் என் உவமை உடைகிறது. உடைவதுதான் எனக்குச் சந்தோஷம். வெந்த தோசை மறுபடி மாவாகாது. நினைவு ஆகிறது! மூளை ஆய்வாளர்கள் நாடர், ஷாஃபே, லெடூ மூவரும் 2000-ல் எலிகளில் காட்டியது அது: பழைய அச்சத்தை ஒருமுறை கிளறிவிட்டால் அது இளகுகிறது, மீண்டும் இறுகப் புதிதாகப் புரதம் தயாராக வேண்டும். அதைத் தடுத்தால் அச்சம் மங்குகிறது. மனிதர்களிடம் 2015-ல், படம் பார்த்த மறுநாள் அந்தக் காட்சிகளை நினைவூட்டிவிட்டு டெட்ரிஸ் ஆடவைத்தபோது தொல்லை குறைந்தது. நினைவூட்டல் மட்டும், ஆட்டம் மட்டும் என்றால் பலனில்லை. பின்னால் வந்த எல்லாச் சோதனையும் இதே மாதிரி அமைந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது பட்டறைக்கு வருவோம். வாகைக் கட்டையில் வரைந்த கோடு மேல்பரப்பில் மட்டும்தான் இருக்கிறது. விநாயகரின் தும்பிக்கை எவ்வளவு ஆழத்தில் வளைகிறது என்பது செதுக்குகிறவர் கண்ணுக்குள் இருக்கிறது. உளியைச் சாய்த்து, நார் ஓடும் திசை பார்த்து, கொட்டாப்புளியால் தட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் அந்த உருவத்தை மனசில் திருப்பிப் பார்த்தாக வேண்டும். பெயர்ந்த சில்லை ஒட்டவைக்க முடியாது. டெட்ரிஸ் கேட்கிற அதே தோசைக்கல்லை உளியும் பிடித்துவைக்கும் என்பது என் ஊகம். அதை ஆய்வில் நிரூபித்தது போல யாராவது பேசினால் நம்பாதீர்கள். பெர்லின் ராணுவ மருத்துவமனையில் போர் அதிர்ச்சிக்கு ஆளான 40 வீரர்களை வைத்து நடந்த, 2020-ல் வெளிவந்த ஆய்வில்கூட, சிகிச்சையோடு டெட்ரிசும் ஆடியவர்களுக்கு, நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் சற்றுப் பருத்தது. நோய்க்குறிகளோ சிகிச்சை முடிவில் ஆடியவர்கள், ஆடாதவர்கள் இரு தரப்புக்கும் குறைந்திருந்தன. ‘மூளை மாறும்’ என்ற வீடியோக்காரர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்.

ஆகவே, உளி தனியாக மருந்தில்லை. பழைய காட்சியைக் கிளறுவதும் மனநல மருத்துவரின் கையில் நடக்க வேண்டியது, வீட்டில் உட்காரவைத்து “அன்றைக்கு என்னப்பா நடந்தது?” என்று தோண்டாதீர்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் கேளுங்கள். 14416 டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பட்டறைக்குத் தாராளமாகப் போகட்டும். 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கைத்தொழில் அது. விடிந்ததும் போக ஓர் இடம், பழக ஒரு வேலை, அரைகுறையாக நிற்கும் ஒரு சிலை. இதற்கு ஹிப்போகாம்பஸ் படம் எடுத்துச் சான்று காட்ட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே பாருங்கள்: பத்துக் கொட்டாப்புளி ஒரே நேரத்தில் இறங்கும் சத்தமும், மரம் அறுக்கும் மெஷின் திடீரென்று அலறுவதும் அவரைத் தூக்கிவாரிப் போடுமா? போட்டால், முதல் சில வாரம் கட்டையில் கோடு போடும் வேலையை மட்டும் வீட்டுத் திண்ணையில் செய்யத் தரச்சொல்லி ஆசாரியிடம் பேசிப் பாருங்கள்.