ஈரலில் சேரும் கொழுப்பும் சீனி வருத்தமும்

"மலை ஏறி இறங்கி வேலை செய்யிற எங்களுக்கு எப்படிங்க சீனி வருத்தம் வரும்? அது உட்கார்ந்து சாப்பிடுறவங்களுக்கு வர்ற நோய்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. ஆனால் நுவரெலியா மாவட்டத் தோட்ட மக்களில் 35 முதல் 64 வயது வரையானவர்களைப் பரிசோதித்து, 2011ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட வைத்திய ஆய்வு ஒன்று வேறு விதமாகச் சொல்கிறது. 100 பேரில் 18 பேருக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. அது குடியினால் வந்த கொழுப்பும் அல்ல.

ஈரலில் கொழுப்பு இருந்தால் நோவு தெரியாது. வேலைக்கும் போகலாம். ஆனால் சீனி வருத்தத்துக்கு அது வழி திறந்து விடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஈரலுக்கு வரும் உத்தரவு

நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் வயிற்றில் செரித்து, குளுக்கோஸ் என்னும் சீனியாக இரத்தத்தில் கலக்கின்றன. உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் ஈரலுக்குப் போய், "இரத்தத்தில் சீனி போதும், நீயும் வெளியே விடாதே, சேமித்து வை" என்று உத்தரவு கொடுக்கிறது. இரவில் நாம் தூங்கும்போது ஈரல் தன் சேமிப்பிலிருந்து அளவோடு சீனியை விடும். அந்த அளவைக் கட்டுப்படுத்துவதும் இன்சுலின்தான்.

ஈரல் இந்த உத்தரவைக் கேட்காமல் போனால்? இரத்தத்தில் சீனி இருக்கும்போதே மேலும் மேலும் விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் சோதித்தாலும் சீனி கூடுதலாகக் காட்டும்.

தடுப்பது எது?

எண்ணெயும் இறைச்சியும் மட்டும்தான் கொழுப்பாகும் என்று நினைக்கக்கூடாது. தேவைக்கு மேல் உள்ளே போகும் சீனியையும் மாவையும் ஈரலே கொழுப்பு அமிலமாக மாற்றி விடும்.

கிளிசரோல் என்ற பொருளுக்கு மூன்று கை உண்டு என்று வைத்துக்கொள்வோம். மூன்று கையிலும் கொழுப்பு அமிலம் சேர்ந்தால் அது முழுக் கொழுப்பு. ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும். இரண்டு கையில் மட்டும் சேர்ந்தால் அது அரைகுறைக் கொழுப்பு. அதன் பெயர் டயசில்கிளிசரோல். தொல்லை கொடுப்பது இதுதான்.

பெக்டரியில் வாட்டும் தட்டுகளுக்கு அளவுக்கு மிஞ்சிக் கொழுந்து வந்து குவிந்தால் என்ன ஆகும்? சூடேறி, சிவந்து, கெட்டுப் போகும். ஈரலிலும் அப்படித்தான். கொழுப்பு அமிலம் அளவுக்கு மிஞ்சி வரும்போது அரைகுறைச் சரக்கு தேங்குகிறது. அது ஒரு நொதியைத் தூண்டிவிட, அந்த நொதி இன்சுலின் வந்து தட்டும் கதவை அடைத்து விடுகிறது. உத்தரவு உள்ளே போவதில்லை.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மன் குழுவினர் 2004இல் எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள். 3 நாளிலேயே ஈரல் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் போனது. செரமைட் என்ற வேறொரு கொழுப்புப் பொருளுக்கும் இதில் பங்குண்டு என்று சொல்லும் விஞ்ஞானிகளும் உள்ளனர்.

உத்தரவு எடுபடாததால் கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. அது ஈரலில் மேலும் கொழுப்பைச் சேர்க்கிறது. இப்படியே சுற்றிச் சுற்றி வந்து கணையமும் களைத்துப் போகிறது.

திருத்த முடியுமா?

முடியும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ரோய் டெய்லர் என்ற பேராசிரியரின் குழுவினர், சீனி வருத்தம் உள்ள 11 பேருக்கு 8 வாரம் மிகக் குறைந்த உணவு கொடுத்து 2011இல் முடிவை வெளியிட்டனர். ஒரே வாரத்தில் ஈரல் கொழுப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வெறும் வயிற்றுச் சீனியும் சாதாரண அளவுக்கு வந்தது. இது வைத்தியர்களின் கண்காணிப்பில் நடந்தது. நாமாகப் பட்டினி கிடப்பது ஆபத்து. மருந்து குடிப்பவர்களும் இன்சுலின் ஊசி போடுபவர்களும் வைத்தியரைக் கேட்காமல் எதையும் மாற்றக்கூடாது.

வீட்டில் நாம் செய்யக் கூடியவை:

1. ஒரு நாளைக்கு 5 தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் 2 தேக்கரண்டி சீனி என்றால் சுமார் 40 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் குறைத்து வாருங்கள். நாக்கு பழகிவிடும்.

2. மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி வேண்டாம். ஒரு வேளையாவது குரக்கன், பருப்பு, கீரை, பயறு சேரட்டும்.

3. சாராயமும் கசிப்பும் ஈரலில் கொழுப்பைச் சேர்க்கும். ஏற்கெனவே கொழுப்பு உள்ள ஈரலுக்கு அது இரட்டைச் சுமை.

4. இடுப்பளவு கூடிக்கொண்டே போனால் கவனியுங்கள். ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன் தள்ளியவர்களும் இதில் அடங்குவர்.

35 வயதைத் தாண்டியவர்களும், தாய் தகப்பனுக்குச் சீனி வருத்தம் உள்ளவர்களும் வெறும் வயிற்றில் இரத்தம் சோதித்துப் பாருங்கள். 100க்குக் கீழ் இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126 அல்லது அதற்கு மேல் என்றால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை. ஒரு நாள் பேர் போகுமே என்று தள்ளிப் போடாதீர்கள். வருத்தம் முற்றினால் எத்தனை நாள் பேர் போகும் என்பதையும் கணக்குப் பாருங்கள்.