ஐ இல்லாத வரி

1995-இல் எங்கள் கல்லூரி லேபில் நீலத் திரையில் டர்போ சி ஓடியது. அறுபது மாணவர்கள் 75-க்கு எடுத்த மதிப்பெண்ணை 100-க்கு மாற்றும் புரோகிராம் எழுத வேண்டும். முதலில் 'ஐ' என்றொரு மாறி. பூஜ்ஜியத்தில் தொடங்கு, அறுபது வருமுன் நில், சுற்றுக்கு ஒன்று கூட்டு. இத்தனையும் எழுதிய பிறகுதான் லூப்புக்குள்ளே அந்த ஒரு வரி: நான்கால் பெருக்கி மூன்றால் வகு. வேலை என்று சொன்னால் அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் வரிசையில் நடந்துபோவதற்கான ஏற்பாடு.

நான் சறுக்கியது அந்த ஏற்பாட்டில். 'அறுபதை விடக் குறைவு' என்பதற்குப் பதில் 'குறைவு அல்லது சமம்' என்று அடித்துவிட்டேன். அறுபது இடங்களின் எண்கள் 0 முதல் 59 வரைதான். சி மொழியோ எல்லை தாண்டினால் தடுக்காது. அடுத்த நினைவிடத்திலும் கை வைத்துவிடும். அங்கே தேர்ச்சி பெற்றவர்களின் எண்ணிக்கை இருந்தது. 45 என்று எண்ணி வைத்தது 60 ஆகிவிட்டது. வகுப்பு முழுவதும் பாஸ்! கணக்கு வழியோ சரியாக இருந்தது. தவறு எங்கே என்று பிடிக்க ஒரு நாள் போயிற்று.

இதற்கு வேறு வழி நான் பிறப்பதற்கு முன்பே இருந்தது. 1958 கோடையில் ஐபிஎம்மில் இருந்த ஜான் மெக்கார்த்தி, இயற்கணிதக் கோவைகளைக் கணினியில் வகையிட முயன்றார். ஒரு கூட்டலில் எத்தனை உறுப்புகள் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. எத்தனை வந்தாலும் ஒவ்வொன்றையும் வகையிட வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் மேப்லிஸ்ட். ஒரு பட்டியலையும் ஒரு ஃபங்ஷனையும் கொடுத்தால் புதிய பட்டியல் கிடைக்கும். 1960-இல் வெளியான, லிஸ்ப் என்ற நிரல் மொழி பற்றிய அவருடைய கட்டுரையில் இது இருக்கிறது. அந்த மேப்லிஸ்ட் உறுப்பை அப்படியே கொடுக்காமல், அந்த உறுப்பில் தொடங்கி மிச்சமுள்ள பட்டியல் முழுவதையும் ஃபங்ஷனிடம் நீட்டும். உறுப்பை மட்டும் எடுத்துக் கொடுக்கும் மேப்கார்தான் இன்றைய மேப்புக்கு நெருங்கிய உறவு. எங்கள் பாடத்திட்டத்தில் லிஸ்ப் இல்லை, அதனால் இந்த யோசனையும் எங்களை எட்டவில்லை.

இப்போது பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான். என் அக்கா மகள் அதே கணக்கை ஒரே வரியில் முடிக்கிறாள்: மேப், ஃபங்ஷனின் பெயர், பட்டியலின் பெயர். ஐ இல்லை. நான் செய்த பிழை உட்கார அதில் இடமே இல்லை. ஆனாலும் எழுதுவது குறைந்ததை விட, படிப்பது எளிதானதையே நான் பெரிதாக நினைக்கிறேன். லூப்பைப் பார்த்தால் கடைசி வரி வரை படித்தால்தான் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியும். மேப் என்று கண்டதுமே உள்ளே போன எண்ணிக்கைதான் வெளியே வரும், வரிசை மாறாது என்று தெரிந்துவிடும். ஒரு உறுப்பின் கணக்கு இன்னொன்றுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 2004-இல் கூகுளின் ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கெமாவத்தும் வெளியிட்ட மேப்ரெட்யூஸ், ஒரே வேலையை ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது இந்தக் குணத்தால்தான். பெயரிலுள்ள மேப்பும் லிஸ்ப் வழி வந்ததே.

போன மாதம் அவள் என்னிடம் வந்தாள். "மாமா, முதல் தடவை மொத்தம் சரியா வந்துச்சு. அதையே திரும்பக் கேட்டா பூஜ்ஜியம்னு சொல்லுது."

பைத்தான் 2-இல் மேப் முழுப் பட்டியலையே கையில் கொடுத்தது. 2008-இல் வந்த பைத்தான் 3-இல் அப்படியில்லை. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுக் கொடுக்கும், ஒரு சுற்று தீர்ந்தால் காலி. பெரிய தரவுக்கு நினைவகம் மிச்சம்தான். ஆனால் உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைக்கு அந்தப் பூஜ்ஜியம் எங்கிருந்து வந்ததென்று எப்படித் தெரியும்? லிஸ்ட் என்று சுற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தாளில் பத்துக் கட்டம் வரைந்து, மேப் செய்கிற வேலையை லூப்பாக எழுதச் சொன்னேன். ஒவ்வொரு சுற்றிலும் ஐ எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்தாள். 9-இல் நிறுத்தினாள்.