மென்பொருட் சோதனையும் தன்னியக்கமும்

தமிழிலக்கண நூலார் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று வகுத்தனர். வழுவேயாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. கணினிக்கு இம் மூன்றாம் நிலை இல்லை. செய்நிரலில் எழுதப்பட்டது எதுவோ அதனையே அது செய்யும். எழுதியவர் கருதியது யாது என்று வினவாது. ஆதலால், செய்நிரலிற் புகுந்த வழுவை அது தொழிற்படத் தொடங்குமுன் கண்டு களைதல் மென்பொருளியலில் ஒரு பெருந்தொழிலாயிற்று. அதனையே சோதித்தல் என்கின்றோம்.

உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர் அலகுச் சோதனை, ஒருங்கிணைப்புச் சோதனை முதலிய பெயர்களை அறிவர். பெயர் பலவாயினும் உட்பொருள் ஒன்றே. இன்ன உள்ளீட்டுக்கு இன்ன விளைவு வருதல் வேண்டும் என முன்னரே வரையறுத்து, வந்த விளைவை அதனோடு ஒப்பிடுதலே அது. இவ்வொப்பீட்டையும் ஒரு செய்நிரலாக எழுதிப் பொறியிடம் ஒப்படைத்தால் அது தன்னியக்கச் சோதனையாகும். மூலச் செய்நிரலில் ஒரு வரி மாறினும், முன்னெழுதிய சோதனைகள் யாவும் மீண்டும் ஒருமுறை நிகழும். மனிதனோ பத்தாம் முறையிற் சலிப்படைவான். "இப்பகுதியை நாம் தொடவில்லையே" என்று விட்டுவிடுவான். நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியர்க்கு இச் சலிப்பை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

இற்றை நாளில் வணிக நிறுவனமொன்றின் மென்பொருள் தனித்து இயங்குவதுமில்லை. ஒரு செய்நிரல் மற்றொன்றிடம் பணி கேட்கும் வாயிலை ஏ.பி.ஐ. என்பர். எவ்வடிவிற் கேட்க வேண்டும், எந்தக் குறிக்கு என்ன பொருள், விடை எவ்வாறு வரும் என்பன பற்றி இரு செய்நிரல்கள் தமக்குள் வைத்துக்கொள்ளும் உடன்படிக்கை அது எனலாம். உடன்படிக்கையின் ஒரு குறியை ஒருசாரார் புதுப் பொருளில் வழங்க, மறுசாரார் பழம்பொருளிலேயே கொள்வாராயின் நேரக்கூடிய கேட்டினை அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகின்றது.

நைற் கப்பிற்றல் என்பது அந்நாட்டுப் பங்குச் சந்தைகளில் பெருமளவு வாணிகம் நடத்திய ஒரு நிறுவனம். நியூயோர்க் பங்குச் சந்தை சிறு முதலீட்டாளர் பொருட்டு வகுத்த புதிய திட்டமொன்று 2012 ஓகஸ்ட் 1ஆந் திகதி தொடங்கவிருந்தது. அதற்கேற்ப இந்நிறுவனம் தன் கட்டளை அனுப்பும் மென்பொருளைத் திருத்தியது. அம்மென்பொருள் வாடிக்கையாளரின் கட்டளையைத் தாய்க் கட்டளையாகப் பெற்று, அதனைச் சிறு சேய்க் கட்டளைகளாகப் பிரித்துச் சந்தைக்கு அனுப்புவது. அதனுள்ளே 'பவர் பெக்' என்னும் பழைய பகுதி ஒன்று கிடந்தது. 2003ஆம் ஆண்டிலேயே அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. ஆயினும் அது நீக்கப்படவில்லை. தாய்க் கட்டளை நிறைவேறியவுடன் சேய்க் கட்டளைகளை நிறுத்துமாறு எண்ணிக்கை காக்கும் உறுப்பு அதற்கு இருந்தது. 2005இல் அவ்வுறுப்பைச் செய்நிரலின் வேறோரிடத்துக்கு மாற்றினர். மாற்றியபின் பவர் பெக்கை மீளச் சோதித்தாரில்லை. வழங்காத பகுதியைச் சோதிப்பானேன் என்று கருதினர் போலும்.

2012இல் புதிய பகுதியைத் தொழிற்படுத்துதற்கு, முன்னர்ப் பவர் பெக்கைத் தொழிற்படுத்திய அதே குறியை எடுத்துக்கொண்டனர். யூலை 27 தொடக்கம் புதிய செய்நிரல் எட்டுச் சேவையகங்களில் நிறுவப்படலாயிற்று. நிறுவியவர் ஓர் ஊழியர். ஏழில் நிறுவினார், எட்டாவதில் நிறுவாது விட்டார். இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்கவில்லை. சரிபார்த்தல் வேண்டும் என்ற எழுத்து விதியும் அங்கே இருந்ததில்லை.

சந்தை திறந்தபோது ஏழு சேவையகங்கள் செம்மையாகவே தொழிற்பட்டன. எட்டாவது, குறியைப் பழம்பொருளிற் கொண்டு பவர் பெக்கை எழுப்பியது. எண்ணிக்கை காக்கும் உறுப்பு இடம் மாறிவிட்டமையால், நிறைவேறிய கட்டளைக்கும் மேன்மேலும் சேய்க் கட்டளைகள் சென்றுகொண்டேயிருந்தன. வாடிக்கையாளர் தந்தவை 212 கட்டளைகளே. அவற்றின் பெயரால் 45 நிமிடங்களுள் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட கொள்வனவு விற்பனைகள் நிகழ்ந்தன. கைமாறிய பங்குகள் 39 கோடியே 70 இலட்சத்துக்கு மேல். நட்டம் 460 மில்லியன் டொலரைக் கடந்தது.

இந்நிகழ்ச்சியிற் புதிய செய்நிரல் வழுவுடையதன்று என்பதே ஊன்றி நோக்கத்தக்கது. சோதிக்கப்பட்டது ஒன்று, எட்டாவது சேவையகத்தில் ஓடியது வேறொன்று. எட்டிலும் ஒரே பதிப்பு உளதா என்று ஒப்பிடுதல் மிக எளிய பணி; பொறிக்கு நொடிப்பொழுது வேலை. எளிதாயிருந்தமையாலேயே அது ஒருவரின் நினைவுக்கு விடப்பட்டது. அறிவு மிக வேண்டும் செயல்களைப் பொறியிடம் ஒப்படைப்பதே தன்னியக்கம் என்று பலர் எண்ணுவர். மறதிக்கு இடமான இத்தகைய சிறு செயல்களை ஒப்படைப்பதிலேயே அதன் பெரும்பயன் உள்ளது என்பது என் கருத்து. குறியின் பொருளை மாற்றியதோ வேறுவகைப் பிழை. பழைய குறிக்குப் புதுப்பொருள் தரலாகாது, புதிய குறியொன்று வகுக்க வேண்டும் என்று மனிதரே முதலில் உணர்ந்து சோதனையாக எழுதிவைத்தாலன்றி, எப்பொறியும் அதனைத் தானாகக் கேளாது.

தரவு அங்கே குறைவாயிருக்கவில்லை. அன்று காலை 8 மணியளவிலிருந்து சந்தை திறக்கும் 9.30 மணிக்குள், பவர் பெக் என்னும் பெயரையே சுட்டிய 97 மின்னஞ்சல்களைக் கணினி ஊழியர்க்கு அனுப்பியது. அவை எச்சரிக்கையாக வகுக்கப்பட்டவை அல்ல. ஆதலால் எவரும் அவற்றின்மேற் செயற்பட்டிலர். வேண்டாப் பங்குகள் வந்து சேர்ந்த கணக்குக்கு 2 மில்லியன் டொலர் என்ற எல்லையும் வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் அவ்வெல்லை, கட்டளைகளைத் தடுக்கும் பொறியோடு இணைக்கப்படவில்லை. தரவு வழி நடத்தும் வணிகம் என்று இன்று பெருமையாகப் பேசுவோர் இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்தல் நன்று. எல்லை கடந்தவுடன் கட்டளையை நிறுத்தும் இணைப்பு இல்லாதவிடத்து, ஏட்டிலுள்ள எல்லை வெறும் எண்ணே.

இடர் தொடங்கியபின் செய்த பரிகாரமும் இடரைப் பெருக்கியது. புதிய செய்நிரலே காரணம் என்றெண்ணி, அது சரியாக நிறுவப்பட்ட ஏழு சேவையகங்களிலிருந்தும் அதனை நீக்கினர். குறி தாங்கிய கட்டளைகளோ தொடர்ந்து வந்தன. எட்டாவதில் எழுந்த பவர் பெக் ஏனை ஏழிலும் எழுந்தது. முந்திய பதிப்புக்கு மீளுதலும் ஒரு மாற்றமே, அதுவும் முன்னரே சோதித்து வைக்கப்பட வேண்டுவது என்பதை அன்று அவர்கள் கருதவில்லை.

சில நாட்களுள் முதலீட்டாளர் சிலர் 400 மில்லியன் டொலர் இட்டு நிறுவனத்தைத் தாங்கினர். அடுத்த ஆண்டில் அது கெற்கோ என்னும் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. 2013 ஒக்டோபர் 16இல் அமெரிக்கப் பிணைகள் பரிவர்த்தனை ஆணைக்குழு 12 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது. சந்தையை அணுகும் தரகர்கள் தக்க கட்டுப்பாடுகளை வைத்திருத்தல் வேண்டும் என 2010இல் இயற்றப்பட்ட விதியின்கீழ் எடுக்கப்பட்ட முதல் நடவடிக்கை அதுவே.