பணியாளரும் சமூக ஊடகமும்: ஒழுங்குவிதி யாரைக் காக்க வேண்டும்?

புதுக்குடியிருப்புச் சந்தியிலிருந்து உட்கிராமங்கள் வரை இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், முன்பள்ளி என எதை எடுத்தாலும் அதற்கென ஒரு வட்ஸ்அப் குழு இருக்கின்றது. கூட்ட அறிவித்தலும் மரண அறிவித்தலும் அதன் வழியாகவே வந்து சேர்கின்றன. இவ்வசதியை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் ஒரு கேள்வி உண்டு. ஓர் அமைப்பின் பணியாளர் முகநூலில் எதைப் போடலாம், எதைப் போடலாகாது என்பதை எமது அமைப்புகளில் எத்தனை எழுதி வைத்துள்ளன?

எழுதப்படாத விதி எல்லோருக்கும் ஆபத்தானது. பிரச்சினை ஒன்று எழுந்த பின்னரே அது கண்டுபிடிக்கப்படுகின்றது. அப்போது தலைவருக்கு வேண்டியவருக்கு ஒரு நீதியும் வேண்டாதவருக்கு இன்னொரு நீதியும் கிடைக்கும்.

ஒரு படம் என்ன செய்யும்?

கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு வாழ்வாதார உதவியாக ஒரு தையல் இயந்திரம் வழங்கப்படுகின்றது என வைத்துக்கொள்வோம். வெளிக்கள உத்தியோகத்தர் படம் எடுத்து, பெயரும் கிராமமும் எழுதி முகநூலில் போடுகின்றார். நிதி தந்தவர்களுக்கு அது சான்று. அந்தப் பெண்ணுக்கோ அது வேறு. நுண்கடன் வசூலிக்க வருபவர் அதைப் பார்க்கின்றார். ஊரவர் சிலர் ஏளனம் பேசுகின்றனர். அவளுடைய பிள்ளை பாடசாலையில் கேலிக்குள்ளாகின்றது. உதவி ஒரு நாளில் முடிந்துவிடுகின்றது; படம் அழியாமல் கிடக்கின்றது.

எமது மக்கள் வரலாறு இந்த விடயத்தில் எம்மைக் கூடுதலாக எச்சரிக்கின்றது. 2009இல் போரில் தப்பியவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டு வாழ்ந்தனர். அம்முகாம் 2012 செப்டெம்பரில்தான் முழுமையாக மூடப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 முதல் தொடர்ந்து வீதியில் நின்று நீதி கேட்டனர். இத்தகைய குடும்பங்களின் முகமும் முகவரியும் யார் கைக்குப் போகும் என்று பாராமல் பரப்புவது அவர்களின் பாதுகாப்போடு விளையாடுவதாகும்.

பிள்ளைகளின் படம் இன்னும் கவனத்துக்குரியது. பிள்ளையின் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமை ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரையில் உள்ளது. இலங்கை 1991இல் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைகள் பற்றிய தகவல்களையும் உடல்நலத் தகவல்களையும் விசேட வகையாகக் கொள்கின்றது.

வாயை மூடும் விதி

மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். விதி என்ற பெயரில் பணியாளரின் வாயை மூடுவதும் நடக்கின்றது.

2022 செப்டெம்பர் இறுதியில் இலங்கையின் பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றறிக்கையை வெளியிட்டது. தாபன விதிக்கோவைக்கு முரணாக அரச உத்தியோகத்தர் சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவது ஒழுக்காற்று நடவடிக்கைக்குரிய குற்றம் என அது நினைவூட்டியது. நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்த காலம் அது. பாடசாலைப் பிள்ளைகளின் பசி பற்றி ஆசிரியர்களும் சுகாதாரத் துறையினரும் பேசத் தொடங்கியிருந்தனர். தொழிற்சங்கங்கள் சுற்றறிக்கையை எதிர்த்தன. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை உறுதி செய்கின்றது. பசித்த பிள்ளையைக் கண்ட ஆசிரியர் அதைச் சொல்வது எவ்வாறு குற்றமாகும்?

நீதிமன்றங்கள் இவ்விடயத்தில் தெளிவாகவே பேசியுள்ளன. 2020 ஏப்ரலில் முகநூற் பதிவு ஒன்றுக்காக ஓய்வுபெற்ற அரச அலுவலர் ஒருவர் கைதாகி, ஐந்து மாதங்களுக்கு மேல் மறியலில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, பத்து இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கப்பட வேண்டும் என்றது.

இந்தியாவின் திரிபுராவில், அரசியற் கூட்டத்துக்குச் சென்றதாகவும் முகநூலில் எழுதியதாகவும் ஓர் அரச ஊழியர் மீது ஓய்வுபெறும் தறுவாயில் நடவடிக்கை எடுக்கப்பட்டது. அரச ஊழியர் என்பதால் மட்டும் ஒருவர் பேச்சுரிமையை இழந்துவிடுவதில்லை என 2020 ஜனவரியில் அம்மாநில உயர் நீதிமன்றம் கூறியது.

அமெரிக்காவின் கனெற்றிகட் மாநிலத்தில், மேற்பார்வையாளரை முகநூலில் குறைகூறிய அம்புலன்ஸ் சேவை ஊழியர் ஒருவர் வேலைநீக்கப்பட்டார். 2010இல் தேசிய தொழில் உறவுகள் சபை நிறுவனத்தின் மீது முறைப்பாடு பதிந்தது. 2011 பெப்ரவரியில் விடயம் இணக்கத்துக்கு வந்தபோது, அளவுக்கு மிஞ்சிப் பரந்திருந்த தனது விதிகளைத் திருத்த நிறுவனம் உடன்பட்டது. வேலை நிலைமை பற்றிப் பணியாளர் தமக்குள் பேசிக்கொள்வதை எந்த விதியும் தடுக்கலாகாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

எப்படி எழுதுவது?

சிறிய அமைப்புக்கு ஒரு பக்கம் போதும். எளிய தமிழில் இருக்க வேண்டும். நிர்வாகக் குழு தனியே எழுதி ஒட்டிவிடாது, பணியாளரும் பயனாளிகளின் பிரதிநிதிகளும் கூடிப் பேசி எழுத வேண்டும். பின்வருவன அதில் இடம்பெறுவது நன்று:

1. படம் எடுக்குமுன் அனுமதி கேட்க வேண்டும். எங்கே போடப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். 'வேண்டாம்' என்றால் உதவி குறையாது என முதலிலேயே உறுதியளிக்க வேண்டும். பிள்ளையெனில் பெற்றோரையும் பிள்ளையையும் கேட்க வேண்டும்.

2. பயனாளிகளின் பெயர்ப்பட்டியல், அடையாள அட்டை இலக்கம், நோய், குடும்பப் பிணக்கு ஆகியவற்றை வட்ஸ்அப் குழுவில் இடலாகாது.

3. அமைப்பின் பெயரில் பேசுபவர் யார் என்பது குறிக்கப்பட வேண்டும். ஏனையோர் தமது சொந்தக் கருத்தைச் சொந்தப் பெயரில், சொந்தக் கணக்கில் சொல்லலாம்.

4. அமைப்பின் முகநூற் பக்கத்தின் கடவுச்சொல் இருவரிடம் இருக்க வேண்டும். ஒருவர் விலகினால் அன்றே அது மாற்றப்பட வேண்டும்.

5. மாரிகாலத்தில் 'குளம் உடைக்கப் போகின்றது' போன்ற செய்தி வந்தால், கிராம அலுவலரிடமோ அனர்த்த முகாமைத்துவப் பிரிவிடமோ உறுதிப்படுத்திய பின்னரே பகிர வேண்டும்.

6. வேலை நேரத்துக்குப் பின் வரும் குழுச் செய்திக்கு உடனே பதில் தர வேண்டுமென எவரையும் வற்புறுத்தலாகாது. அவசரமெனில் தொலைபேசியில் அழைக்கலாம்.

7. மீறினால் என்ன நடக்கும் என்பது படிமுறையாக இருக்க வேண்டும்: முதலில் விளக்கம் கேட்டல், பின் எழுத்தில் எச்சரிக்கை, பின் விசாரணை. பணியாளருக்கு மேன்முறையீட்டு உரிமை வேண்டும்.

8. ஊழலையோ துன்புறுத்தலையோ முறையிட உள்ளேயே நம்பகமான வழி இருக்க வேண்டும். உள்ளே கேட்பார் இல்லாதபோதுதான் குறைகள் முகநூலுக்குப் போகின்றன.

இத்தனைக்கும் மேலாக ஒரு கடமை உண்டு. முகநூற் பதிவு எமது நாட்டில் சிறைக்கும் வழியாகலாம். 2020 நவம்பரில் மட்டக்களப்பில் ஓர் ஊடகவியலாளர் முகநூற் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி நெடுங்காலம் தடுத்து வைக்கப்பட்டார். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. ஆகவே பணியாளர் ஒருவர் தமது சொந்தப் பதிவுக்காகச் சிக்கலில் மாட்டினால், அமைப்பு அவரைக் கைவிடுமா, சட்ட உதவி தேடித் தருமா என்பதையும் விதியில் எழுதுவோம். அந்த ஒரு வரி, அமைப்பு தன் பணியாளரை எப்படி மதிக்கின்றது என்பதைக் காட்டிவிடும்.

முதலில் மக்களின் மதிப்பு, அடுத்துப் பணியாளரின் உரிமை, அதன் பின்னரே அமைப்பின் பெயர். இந்த ஒழுங்கு மாறாதிருந்தால் விதி தானாகவே நேராக அமையும்.

கலந்துரையாடலுக்கு:

• எமது அமைப்பின் முகநூற் பக்கத்தில் உள்ள படங்களில், அனுமதி பெறாதவை எத்தனை? அவற்றை என்ன செய்யலாம்?

• எமது சங்கத்தின் குறையைச் சொல்லும் பணியாளர் இன்று யாரிடம் போகலாம்?

• அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் இந்த ஒரு பக்கத்தை எழுதி முடிக்க யார் யார் முன்வருவர்?